படிப்பு முடிந்தது, 'ஸ்டூடண்ட் வெர்ஷன்' மட்டும் லேப்டாப்பில் இருக்கிறதா? மாணவர், ஆசிரியர் லைசென்ஸ் உண்மையில் யாருக்கு?

வாஷியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மே மாதம் பொறியியல் முடித்தவர். இப்போது ஐரோலியில் வேலை. உங்கள் லேப்டாப்பில் கடைசி செமஸ்டரில் புதுப்பித்த ஆட்டோகேட் இருக்கிறது, காலாவதி ஆக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. கல்லூரி மின்னஞ்சலில் திறந்த வேர்ட், எக்செல் இருக்கிறது. கிட்ஹப் மாணவர் பேக் இருக்கிறது.

செம்பூரிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்கிறார். "தம்பி, நம்ம ஃபிளாட்ட கொஞ்சம் மாத்திக் கட்டணும். ஒரு பிளான் போட்டுக் குடுடா. ஓசில வேணாம், அஞ்சாயிரம் குடுத்துடுறேன்."

பக்கத்தில் அக்கா. வீட்டிலேயே இருபது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவர். "டீச்சர்னா கேன்வா ஃப்ரீயாமே, எனக்கும் வாங்கித் தா" என்கிறார். தாராவியிலிருந்து வந்திருக்கும் மாமா மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அவளுக்கும் "ஸ்கூல் பிள்ளைக்கு எல்லாம் ஃப்ரீ" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே வீடு, ஒரே லேப்டாப், மூன்று பேர். இதில் தகுதி உள்ளவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானோர் தப்பாகத்தான் சொல்வார்கள். தகுதி இருப்பது அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு. அவளாலும் அதைத் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது.

காரணம், கல்வி லைசென்ஸ் என்பது ஒரு பூட்டு போட்ட கதவு இல்லை, மூன்று பூட்டு போட்ட கதவு. நீங்கள் சேர்ந்திருக்கும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்பது முதல் பூட்டு. இன்றைய தேதியில் நீங்கள் அங்கே மாணவரா, ஆசிரியரா என்பது இரண்டாவது. அந்த மென்பொருளை வைத்து என்ன வேலை செய்கிறீர்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டை நிறுவனங்கள் சரிபார்க்கின்றன. மூன்றாவதை யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. இளம் வேலைக்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

எது 'பள்ளி'? எது பள்ளி இல்லை?

நம் பேச்சு வழக்கில் டியூஷன் சென்டரும் கிளாஸ்தான், கோச்சிங்கும் கிளாஸ்தான், கம்ப்யூட்டர் சென்டரும் கிளாஸ்தான். மென்பொருள் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் அப்படி இல்லை.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் இலவசப் பதிப்பு வேண்டுமென்றால் அரசு அங்கீகாரம் பெற்ற, முறையான சான்றிதழ் தரும் ஆரம்ப, உயர்நிலை அல்லது உயர்கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஆபிஸ் 365 ஏ1 திட்டமும் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்குத்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் கல்வி வரையறைக்குள் பொது நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் சேர்த்திருக்கிறது. அடோபி இரண்டையும் வெளியே நிறுத்துகிறது. ஒரே ஊர் நூலகம் ஒரு கம்பெனிக்குக் கல்வி நிறுவனம், இன்னொன்றுக்கு இல்லை. அதனால் "நாங்க எஜுகேஷன்தான்" என்று பொத்தாம்பொதுவாக நினைப்பது உதவாது. ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதிப் பக்கத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். எரிச்சலான வேலைதான், வேறு வழியில்லை.

மகாராஷ்டிராவில் வளர்ந்தவர்களுக்கு எம்எஸ்-சிஐடி தெரியாமல் இருக்காது. 2001-இல் தொடங்கி, எம்கேசிஎல் நடத்தும் கணினி அறிவுச் சான்றிதழ். அதற்குச் சேர்ந்த கையோடு "நான் இப்போ ஸ்டூடண்ட்" என்று ஜெட்பிரெய்ன்ஸ் மாணவர் லைசென்ஸ் கேட்டால் கிடைக்காது. அவர்களின் விதிப்படி, முழுநேரமாகப் படித்தால் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகக்கூடிய, அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எம்எஸ்-சிஐடி சில மாதங்களில் முடிந்துவிடும். கிட்ஹப் கேட்பதும் பட்டமோ டிப்ளமோவோ தரும் படிப்பு, வயது 13-க்கு மேல்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருவோம். கேன்வா ஃபார் எஜுகேஷன் முழுக்க இலவசம், உண்மைதான். ஆனால் அது ஆரம்ப, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அவர்களின் மாணவர்களுக்கும் மட்டும். தனியாக டியூஷன் எடுப்பவர் அதில் வரமாட்டார். கல்லூரிப் பேராசிரியர்கூட வரமாட்டார், கல்லூரிகளுக்குத் தனியாகக் கட்டணத் திட்டம் இருக்கிறது. அக்கா எவ்வளவு நன்றாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார் என்பது இங்கே கேள்வியே இல்லை. கேன்வாவின் சாதாரண இலவசக் கணக்கு அவருக்குப் போதும். ஒர்க்ஷீட், நோட்டீஸ் எல்லாம் அதிலேயே போட்டுவிடலாம்.

சங்கங்கள் நடத்தும் வாரக்கடைசித் தமிழ் வகுப்புக்கும் இதே நிலைதான். அது பள்ளி அல்ல. ஆனால் பதிவு செய்த அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ இருந்தால் வேறொரு கதவு உண்டு. கூகுளும் மைக்ரோசாஃப்டும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன. பதிவுச் சான்றும் வரிவிலக்கு ஆவணங்களும் கையில் இருந்தால் அந்த வழியில் போவதுதான் சரி. பள்ளி என்று பொய் சொல்லி வாங்குவதைவிட இது நிலைக்கும்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண் ஏன் தனியாக வாங்க முடியாது?

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அது அங்கீகாரம் பெற்ற பள்ளி, அவள் முறையான மாணவி. ஆனால் கூகுள், மைக்ரோசாஃப்ட் கல்விக் கணக்குகள் தனி ஆளுக்கு வருவதில்லை, பள்ளிக்கு வருகின்றன. பள்ளி விண்ணப்பிக்க வேண்டும், அங்கீகாரத்தைக் காட்ட வேண்டும், பிறகு மாணவருக்குக் கணக்கு உருவாக்கித் தர வேண்டும். கேன்வாவிலும் ஆசிரியர் அழைத்தால்தான் மாணவர் உள்ளே வருவார்.

ஆக, இங்கே தகுதி இருக்கிறது, அதைச் செயல்படுத்த ஒரு ஆள் இல்லை. உங்களுக்கு ஒரு பள்ளியோடு தொடர்பு இருந்தால், நீங்கள் படித்த பள்ளியாகவே இருக்கட்டும், தலைமை ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து இந்த விண்ணப்பத்தை முடித்துக் கொடுக்க ஒரு சனிக்கிழமை ஒதுக்கலாம். பள்ளியிடம் 11 இலக்க யுடைஸ் எண் இருக்கும், கல்லூரி என்றால் ஐஷே எண். மத்திய அரசின் பட்டியலில் அந்த நிறுவனம் இருப்பதை அது காட்டும். டாட் ஏசி டாட் இன், டாட் இடியூ டாட் இன் என்று முடியும் இணைய முகவரி இருந்தால் இன்னும் சுலபம். அவற்றை எர்நெட் இந்தியா கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பதிவு செய்து தருகிறது. சாதாரண டாட் காம் வைத்திருக்கும் பள்ளிகள் கூடுதல் ஆவணம் காட்ட வேண்டி வரலாம்.

மாணவர் என்று எப்படி நிரூபிப்பது? நம் இனிஷியல் படுத்தும் பாடு

பல நிறுவனங்கள் இந்தச் சோதனையை ஷீர்ஐடி போன்ற வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆவணம் கேட்பார்கள். அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி. சேர்ந்த வருடத்தை மட்டும் போட்டு, செல்லுபடி தேதி போடாத ஐடி கார்டுகள் இங்கேதான் தள்ளுபடி ஆகின்றன. அந்த மாதிரி கார்டு வைத்திருந்தால் ஆபிஸில் போனஃபைட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள். இந்த வருடக் கட்டண ரசீதும் பல இடங்களில் எடுபடும்.

தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆதாரில் 'எஸ். முருகன்'. கல்லூரிக் கார்டில், மகாராஷ்டிர வழக்கப்படி, 'முருகன் சுப்பையா' அல்லது குடும்பப்பெயரை முன்னால் போட்டு 'சுப்பையா முருகன்'. இணையக் கணக்கில் வெறும் 'முருகன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். படிவத்தைச் சரிபார்க்கும் இயந்திரத்துக்கு மூன்று ஆள். கிட்ஹப் போன்ற இடங்களில் கணக்கிலுள்ள முழுப்பெயரும் ஆவணத்திலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக் கார்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கில் மாற்றிவிடுங்கள். சின்ன வேலை, ஆனால் பலமுறை நிராகரிக்கப்பட்டு வெறுத்துப்போவதைத் தவிர்க்கும்.

வேலை பார்த்துக்கொண்டே இக்னோவிலோ மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியிலோ படிக்கிறீர்களா? நீங்களும் மாணவர்தான். பட்டம் தரும் படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள், அதனால் கிட்ஹப், ஜெட்பிரெய்ன்ஸ் போன்றவற்றின் கதவு உங்களுக்கும் திறக்கும். ஆனால் அந்த லைசென்ஸ் உங்கள் படிப்புக்கு. ஆபிஸ் புராஜெக்டுக்கு அல்ல. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நீங்கள் மாணவர், காலை பத்து மணிக்கு இல்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஆசிரியர்களில் மணிக்கணக்கு அடிப்படையில், அதாவது சிஎச்பி-யில், பாடம் எடுப்பவர்கள் நிறைய பேர். அவர்களிடம் நிரந்தர ஊழியர் கார்டு இருக்காது. கல்லூரித் தலைப்புத்தாளில், நடப்புக் கல்வியாண்டைக் குறிப்பிட்டு, நியமனக் கடிதம் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சோதனை முறை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று. 2025 ஜூலையில் கூகுள் இந்திய மாணவர்களுக்கு ஜெமினியின் கட்டணப் பதிப்பை ஓராண்டு இலவசமாக அறிவித்தது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாணவர் என்று சரிபார்க்கப்பட வேண்டும், செப்டம்பர் 15-க்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் "தம்பியோட ஐடி இருந்தா அனுப்பு" என்று செய்தி வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவரின் கல்லூரிக் கார்டை இன்னொருவர் பயன்படுத்தினால் இழப்பு கார்டு கொடுத்தவருக்குத்தான். தனக்கு வேண்டும்போது அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"அஞ்சாயிரம்தானே, யாரு பார்க்கப் போறாங்க?"

இனி அந்த ஃபிளாட் பிளானுக்கு வருவோம். உங்கள் ஆட்டோகேட் திறக்கிறது, வேலை செய்கிறது. ஆனால் ஆட்டோடெஸ்க்கின் கல்வி லைசென்ஸ் கற்றல், கற்பித்தல், பயிற்சி, ஆராய்ச்சிக்கு மட்டும். வணிகம், தொழில், லாபம் எதற்கும் கூடாது. அஞ்சாயிரம் ரூபாயும் அதில் வரும். சொந்தக்காரர் என்பதற்காக விதி மாறாது. காலாவதி ஆக இரண்டு மாதம் இருக்கிறதே என்பதும் வாதம் ஆகாது. அந்தத் தேதி மென்பொருள் எதுவரை திறக்கும் என்பதைச் சொல்கிறது. நீங்கள் யார், எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்பது வேறு.

யார் பார்ப்பார்கள் என்றால், முதலில் பார்ப்பவர் கான்ட்ராக்டர். கல்விப் பதிப்பில் உருவாக்கிய டிராயிங் கோப்பு தன் பிறப்பிடத்தைத் தன்னோடு சுமந்து போகிறது. பழைய பதிப்புகளில் பிரிண்ட் எடுத்தால் ஓரத்திலேயே 'மாணவர் பதிப்பில் உருவாக்கப்பட்டது' என்று முத்திரை விழும். அந்தக் கோப்பைக் கட்டணப் பதிப்பில் திறந்தவருக்கும் எச்சரிக்கை வரும். அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டித் தன் டிராயிங்கில் ஒட்டினால் அதுவும் அப்படியே ஒட்டிக்கொண்டு போன கதைகள் சிவில் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் "என் தொழில்முறை வேலை" என்று அப்படி ஒரு கோப்பை அனுப்பினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. இதில் அடோபி ஒரு விதிவிலக்கு. மாணவர், ஆசிரியர் சலுகையில் வாங்கிய கிரியேட்டிவ் கிளவுடைச் சொந்தக் கணினியில் வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம் என்று அதன் கேள்வி-பதில் பக்கமே சொல்லியிருக்கிறது. அதாவது பகுதிநேரமாக லோகோ போட்டுச் சம்பாதிக்கும் கல்லூரி மாணவிக்கு ஃபோட்டோஷாப்பில் பிரச்சனை இல்லை. அதே மாணவி ஆட்டோகேடில் பணம் வாங்கி வரைந்தால் பிரச்சனை. அடோபியில் கவனிக்க வேண்டியது வேறு: முதல் வருட விலை ஒன்று, புதுப்பிக்கும் விலை இன்னொன்று. கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்தால் பிறகு வங்கிக் குறுஞ்செய்தி நினைவுபடுத்தும்.

ஜெட்பிரெய்ன்ஸின் மாணவர் லைசென்ஸ் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். ஆனால் படிப்பு முடிப்பவர்களுக்கு அவர்கள் 40 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள், பலர் அதைக் கேட்டதே இல்லை. 2024 அக்டோபரிலிருந்து வெப்ஸ்டார்ம், ரைடர் இரண்டும் வணிகமற்ற வேலைக்கு எல்லோருக்குமே இலவசம், மாணவராக இருக்க வேண்டியதில்லை. மேட்லேபில் மாணவர் லைசென்ஸ் வேறு, வீட்டுப் பயன்பாட்டு லைசென்ஸ் வேறு, கல்லூரி முழுவதற்கும் வாங்கும் லைசென்ஸ் வேறு. கல்லூரி வாங்கியது நீங்கள் வெளியே வந்ததும் உங்களோடு வராது.

நம்மூர் டேலி இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். யாரிடமும் ஐடி கார்டு கேட்பதில்லை. எஜுகேஷனல் மோடில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், கிட்டத்தட்ட எல்லாம் பழகலாம். ஆனால் வவுச்சர் போட முடிவது மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும். கற்றுக்கொள்ள அது போதும், கடை நடத்தப் போதாது. பக்கம் பக்கமாக எழுதிய ஒப்பந்தம் செய்யாத வேலையை மூன்று தேதி செய்துவிடுகிறது.

499 ரூபாய்க்கு 'லைஃப்டைம் ஆபிஸ்'

மொபைலில் இந்த விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். பணம் கட்டினால் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்புவார்கள். உள்ளே போனால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்.

இப்படி விற்கப்படும் கணக்குகளில் பல, ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தின் பெயரில் திறந்தவை. நீங்கள் வாங்கியது மென்பொருள் அல்ல, உங்களுக்குத் தெரியாத ஒருவரின் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு மாணவர் கணக்கு. அதன் நிர்வாகியால் உங்கள் கடவுச்சொல்லை மாற்ற முடியும், ஒன்டிரைவில் நீங்கள் வைத்த கோப்புகளைத் திறக்க முடியும், ஒரு நாள் காலையில் கணக்கையே நீக்க முடியும். பான் கார்டு, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் பிரச்சனை லைசென்ஸ் மீறலோடு நிற்காது.

முறையான கல்விக் கணக்கும் நிரந்தரம் இல்லை. கூகுள் ஒருகாலத்தில் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத இடம் கொடுத்தது. 2021-இல் அதை மாற்றி, ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட் என்று அறிவித்தது. அதன் பிறகு பழைய மாணவர்களின் கணக்குகளை வைத்திருக்கக் கல்லூரிகளுக்குக் காரணம் குறைந்துபோனது. மைக்ரோசாஃப்டும் டெஸ்க்டாப் வேர்ட், எக்செலைச் சேர்த்துக் கொடுத்த ஏ1 பிளஸ் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. அதை நம்பியிருந்தவர்களுக்கு மிஞ்சியது உலாவியில் திறக்கும் பதிப்பு.

கல்லூரி மின்னஞ்சலில் உங்கள் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் கடிதம், நாலு வருடப் புகைப்படம் இருக்கிறதா? கூகுள் கல்விக் கணக்கு என்றால், டேக்அவுட்டில் பள்ளி, கல்லூரிக் கணக்கிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு மின்னஞ்சலையும் டிரைவையும் நகலெடுக்கத் தனி வசதி இருக்கிறது, நிர்வாகி அதைத் திறந்து வைத்திருக்கும்வரை. இதைப் படித்து முடித்ததும் செய்துவிடுங்கள். கிட்ஹப், லிங்க்ட்இன், வங்கி என்று எங்கெல்லாம் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறீர்களோ அங்கேயும் மாற்றிவிடுங்கள். அது மூடப்பட்ட பிறகு ஓடிபி எங்கே போகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கணினி நிரல் என்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் 'இலக்கியப் படைப்பு'. 1994 திருத்தத்தில் வந்த 63பி பிரிவு, பதிப்புரிமையை மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. லாபத்துக்காகவோ வணிகத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்று காட்ட முடிந்தால், நீதிமன்றம் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். சட்டமும் அதே மூன்றாவது பூட்டைத்தான் பார்க்கிறது: எதற்காகப் பயன்படுத்தினீர்கள்?

கிராக் செய்த மென்பொருளும், முறையாக வாங்கிய மாணவர் லைசென்ஸை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. முதலாவது நேரடியாக இந்தப் பிரிவில் வரும். இரண்டாவது பெரும்பாலும் ஒப்பந்த மீறல் என்ற இடத்தில் தொடங்கும்: கணக்கு முடக்கம், நோட்டீஸ், முழு விலையையும் கட்டச் சொல்வது. தனி ஆள் மேல் வழக்கு வருவதைவிட, அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு நோட்டீஸ் வருவதற்கே வாய்ப்பு அதிகம். கம்பெனி லேப்டாப்பில் உங்கள் மாணவர் லைசென்ஸைப் போட்டால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது ஐடி மேலாளர். அவர் அடுத்து தேடுவது உங்களை.

எதிர்ப்பக்கத்தில், வேலைக்குப் போய்விட்டதாலேயே எல்லாவற்றுக்கும் பணம் என்றும் இல்லை. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி தனி ஆளுக்கு, சம்பாதிக்கும் வேலைக்குமே இலவசம். பெரிய நிறுவனம் அல்லாத இடங்களில் ஐந்து பேர் வரை பயன்படுத்தலாம். டாக்கர் டெஸ்க்டாப் 250-க்குக் குறைவான ஊழியரும் ஒரு கோடி டாலருக்குக் குறைவான வருமானமும் உள்ள நிறுவனத்துக்கு இலவசம், கல்விக்கும் இலவசம். அனகோண்டாவில் எல்லை 200 ஊழியர். கல்லூரியில் பைத்தான் பழகியவர்கள் பழக்கத்தில் அதையே ஆபிஸ் கணினியிலும் நிறுவுகிறார்கள். இருநூறு பேருக்கு மேல் உள்ள இடம் என்றால் நிறுவும் முன் கேட்டுவிடுங்கள். கோண்டா-ஃபோர்ஜை மட்டும் பயன்படுத்தும் மினிஃபோர்ஜ் என்ற வழி இருக்கிறது.

தகுதியே கேட்காத மென்பொருள்

இதுவரை பார்த்ததில் ஓர் அநியாயம் இருக்கிறது. தேவை அதிகம் உள்ளவர்கள்தான் வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள். பெரிய கல்லூரி மாணவருக்கு எல்லாம் கிடைக்கிறது. பள்ளியை விட்டுவிட்டு மாலை வகுப்பில் கணினி பழகும் பையனுக்கு ஒன்றும் இல்லை.

கேரளம் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தது. 2001-இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம், இன்று கைட் என்ற அரசு நிறுவனம். அரசுப் பள்ளிகளில் லினக்ஸ், எல்லாம் கட்டற்ற மென்பொருள். 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இதைப் போடுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் சொன்னது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, சென்னை சி-டாக்கில் உருவானது. வாங்கிய நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டாவது வாசலைத் திறந்து பார்த்தோம் என்பது வேறு விஷயம்.

மும்பையிலேயே, பவாயில், ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸி திட்டம் இருக்கிறது. மேட்லேபுக்கு மாற்றாக சைலேப், ரசாயனப் பொறியியலுக்கு டிடபிள்யூசிம், மின்சுற்றுக்கு ஈசிம், எஃகுக் கட்டமைப்புக்கு ஓஸ்டாக் என்று இந்தியப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற மென்பொருளை உருவாக்கியும் வளர்த்தும் வருகிறார்கள். ஓஸ்டாக் நம்மூர் ஐஎஸ் 800 விதிப்படியே கணக்குப் போடும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டமும் அங்கிருந்துதான். லிப்ரஆபிஸ், பைத்தான் போன்றவற்றைச் சின்னச் சின்ன வீடியோக்களாகச் சொல்லித் தருகிறார்கள். அவற்றில் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. அந்த எட்டாம் வகுப்புப் பெண் ஐடி கார்டு, பள்ளி விண்ணப்பம் எதுவும் இல்லாமல் இன்று மாலையே தொடங்கலாம்.

இவை கட்டணப் பதிப்பின் சரிசமம் என்று சொல்லமாட்டேன். லிப்ரஆபிஸில் செய்த ரெஸ்யூமே வேர்டில் திறக்கும்போது வரி குலையும். ஃப்ரீகேட் 1.0 பதிப்பு 2024 நவம்பரில்தான் வந்தது, ஆட்டோகேட் பழகிய கைக்கு அது தடுக்கும். பெரிய ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இன்றும் ஆட்டோகேடும் ரெவிட்டும்தான் கேட்பார்கள். ஆனால் இவற்றில் செய்த வேலையை விற்கலாம், கொடுக்கலாம், ஐந்து வருடம் கழித்தும் திறக்கலாம். யாரும் நீங்கள் மாணவரா என்று கேட்கமாட்டார்கள்.

பெரியப்பா மகனுக்கு என்ன சொல்வது? ஃபிளாட்டின் உட்பிரிப்பு மட்டும்தான் என்றால் லிப்ரகேட் போதும், இரண்டு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும். கான்ட்ராக்டர் ஆட்டோகேடில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒரு மாதச் சந்தா என்ன விலை என்று பார்த்து, அதையும் கட்டணத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். "அண்ணே, அஞ்சாயிரம் போதாது, சாஃப்ட்வேர் காசு தனி" என்று சொல்ல முதலில் கூச்சமாக இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: தூணையோ பீமையோ தொடும் மாற்றம் என்றால் எந்த மென்பொருளில் வரைந்தாலும் செல்லாது, சொசைட்டியிடமும் மாநகராட்சியிடமும் போக உரிமம் பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும்.